முறைத் தண்ணீரும் அறுபது ஃபிரேமும்

‘கிராஃபிக்ஸ் வேற லெவல்’ என்பதுதான் தமிழில் வீடியோ கேம் பற்றிச் சொல்லப்படும் முதல் வாக்கியம். பெரும்பாலும் அதுவே கடைசி வாக்கியமும். மழையில் நனைந்த தார்ச்சாலையில் நியான் விளக்கு பிரதிபலித்தால் செம. நாயகனின் தாடி மயிர் மயிராகத் தெரிந்தால் செம. அந்த நாயகனைத் திரும்பச் சொன்னால் எவ்வளவு நேரம் கழித்துத் திரும்புகிறான் என்பதைப் பற்றி மட்டும் ஒரு சொல் இருக்காது. இருபது நிமிட யூடியூப் விமர்சனத்தில் பத்தொன்பது நிமிடம் கண்ணுக்கு, ஒரு நிமிடம் கதைக்கு. கைக்கு ஒன்றும் கிடையாது.

இந்தக் கட்டுரை அந்த ‘செம’வுக்கு எதிரானது. என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கன்சோலில் ஓடும் கேமின் முதல் கடமை நிலையான ஃபிரேம் ரேட். பளபளப்பு எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும், ஆனால் அந்தக் கடமை முடிந்த பிறகு மிஞ்சும் நேரத்துக்குள் அது அடங்க வேண்டும். இதைத் தலைகீழாகச் செய்யும் ஸ்டுடியோ, விளையாடுபவருக்குச் சேர வேண்டியதை எடுத்து டிரெய்லர் பார்ப்பவருக்குக் கொடுக்கிறது.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. கன்சோல் ஒரு நொடிக்கு எத்தனை படங்களை வரைந்து டிவிக்கு அனுப்புகிறது என்பதுதான் ஃபிரேம் ரேட். 30 என்றால் ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 33.3 மில்லிநொடி. 60 என்றால் 16.7. அந்த நேரத்துக்குள் கன்ட்ரோலர் என்ன சொல்கிறது என்று படிக்க வேண்டும், எதிரி என்ன செய்வான் என்று முடிவெடுக்க வேண்டும், எது எதில் மோதுகிறது என்று பார்க்க வேண்டும், கடைசியாக வெளிச்சமும் நிழலுமாக எல்லாவற்றையும் வரைய வேண்டும். 1080பி திரையில் சுமார் 21 லட்சம் புள்ளிகள். 4கே திரையில் 83 லட்சம். நான்கு மடங்கு வேலை. அதன் மேல் ஒவ்வொரு ஒளிக்கதிரும் எங்கே பட்டுத் திரும்புகிறது என்று கணக்கிடும் ரே டிரேசிங்கையும் ஏற்றினால், 16.7 மில்லிநொடி எந்த மூலைக்கு?

அதனால்தான் இன்றைய கேம்களில் மெனுவைத் திறந்தால் இரண்டு பெயர்கள் நிற்கின்றன. ஒன்று ‘குவாலிட்டி மோட்’, இன்னொன்று ‘பெர்ஃபார்மன்ஸ் மோட்’. இந்தப் பெயர் சூட்டலே ஒரு மோசடி. பளபளப்புக்குத் ‘தரம்’ என்று பெயர் வைத்தாகிவிட்டது. அப்படியானால் சொன்ன சொல்லுக்கு உடனே அசையும் கேம் தரமில்லாததா?

ஃபிரேம் ரேட் என்றதும் பலர் அதை எஞ்சின் சக்தி மாதிரி ஒரு எண்ணாகப் புரிந்துகொள்கிறார்கள். எவ்வளவு பெரிய எண்ணோ அவ்வளவு நல்லது என்று. தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தவனுக்கு இதைப் புரியவைக்க ஒரு நிமிடம் போதும், ஏனென்றால் அவன் வீட்டில் இந்தச் சண்டை தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் காவிரியில் தமிழ்நாட்டுக்கு பிலிகுண்டுலுவில் வந்துசேர வேண்டிய தண்ணீரை 177.25 டிஎம்சி என்று நிர்ணயித்தது. பத்திரிகைகளில் தலைப்பாக வந்தது அந்த எண். டெல்டாக்காரன் படித்தது அதன் கீழே இருந்த மாதக் கணக்கை. ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95, செப்டம்பரில் 36.76 என்று இறங்கி, பிப்ரவரி முதல் மே வரை மாதத்துக்கு 2.5. ஏன் இந்தக் கணக்கு? நாற்று விட்ட வயலுக்கு ‘வருஷக் கடைசியில மொத்தமா தர்றோம்’ என்று சொல்ல முடியாது என்பதால்.

அதே 2018 ஜூலையில் மேட்டூர் 120 அடியைத் தொட்டது. ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. கொள்ளிடத்தில் வெள்ளம் கடலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்த நாட்களில்தான் கடைமடையில் வாய்க்கால் காய்ந்து கிடப்பதாக விவசாயிகள் போராடினார்கள். மொத்தக் கணக்கை எடுத்துப் பார்த்தால் அது நல்ல தண்ணீர் வருஷம். பேராவூரணிக்காரனிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள்.

சராசரி ஃபிரேம் ரேட் என்பது அந்த மொத்தக் கணக்கு. ஒரு நொடியில் 59 படங்கள் பத்துப் பத்து மில்லிநொடியில் வந்துவிட்டு, அறுபதாவது படம் மட்டும் 410 மில்லிநொடி எடுத்துக்கொண்டால் சராசரி என்ன? 60தான். திரையின் மூலையில் ஓடும் எண்ணும் 60 என்றுதான் காட்டும். ஆனால் எதிரி வாளை ஓங்கிய நேரத்தில் உங்கள் திரை கிட்டத்தட்ட அரை நொடி உறைந்து நின்றிருக்கும். கேம் ஓவர். விமர்சகர் ‘ஸாலிடா 60 எஃப்பிஎஸ்’ என்று எழுதுவார்.

முறைப்பாசனத்தைப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் எளிதில் விளங்கும். சாதாரண டிவி நொடிக்கு 60 முறை, அதாவது 16.7 மில்லிநொடிக்கு ஒரு முறை கதவைத் திறக்கிறது. அந்த நேரத்தில் படம் தயாராக இருந்தால் காட்டும். 17 மில்லிநொடியில் தயாரானால்? கதவு மூடியாயிற்று. பழைய படமே இன்னொரு முறை காட்டப்படும், உங்கள் படம் அடுத்த முறைக்குக் காத்திருக்கும். அரை மில்லிநொடிகூட இல்லாத தாமதத்துக்கு 16.7 மில்லிநொடி தண்டனை. முறையைத் தவறவிட்டவன் அடுத்த முறை வரும்வரை மடையில் உட்கார்ந்திருப்பான் இல்லையா, அதேதான். அதனால் 45க்கும் 60க்கும் நடுவே தத்தளிக்கும் கேமைவிட ஆடாமல் அசையாமல் 30ல் நிற்கும் கேம் மேலானது. நான் அறுபதுக்குக் கொடி பிடிப்பவன் என்று நினைத்து வந்தவர்கள் இந்த வரியைக் குறித்துக்கொள்ளலாம். 120, 144 என்று எண்ணை மட்டும் கும்பிடும் கோஷ்டிக்கும் பளபளப்பைக் கும்பிடும் கோஷ்டிக்கும் என்னளவில் பெரிய வித்தியாசம் கிடையாது. இரண்டும் பெட்டியில் அச்சடிக்க ஒரு எண் கேட்பவை.

இனி கைக்கு வருவோம். பட்டனை அழுத்தியது முதல் திரையில் அதன் விளைவு தெரிவது வரை, படிக்க, கணக்கிட, வரைய என்று மூன்று ஃபிரேம் ஆவதாக வைத்துக்கொண்டால் 30ல் அது 100 மில்லிநொடி, 60ல் 50. ‘நூறு மில்லிநொடியை எவன் கவனிக்கப் போறான்?’ என்பார்கள். திருவையாற்று ஆராதனையில் பஞ்சரத்தினம் பாடும்போது கூட்டத்தின் பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. முன்வரிசையிலிருந்து 34 மீட்டர் தள்ளி இருப்பவருக்கு மிருதங்கத்தின் அடி கிட்டத்தட்ட 100 மில்லிநொடி தாமதமாகத்தான் காதுக்கு வரும். அவர் அதைக் கேட்டுப் பாடினால் முன்வரிசைக்குப் பின்தங்குவார், முன்வரிசையின் கையைப் பார்த்துப் பாடினால் காதோடு சண்டை. தாளம் தெரிந்த யாரும் இதை உடனே உணர்வார்கள். எண் தெரியாது, ஆனால் ‘எங்கேயோ இடிக்குது’ என்று உடம்புக்குத் தெரியும்.

கேம் கடைகளிலும் இது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பிளேஸ்டேஷன் 2 காலத்தில் தஞ்சாவூரில் நாங்கள் போய்வந்த ஒரு கடை, மணிக்கு இருபது ரூபாய். குண்டு டிவிகளை எடுத்துவிட்டு அண்ணன் எல்சிடி மாட்டினார். கிரிக்கெட் ஆடுபவர்களுக்கும் ‘சான் ஆண்ட்ரியாஸ்’ ஆடுபவர்களுக்கும் கொண்டாட்டம். டெக்கன் 5 ஆடும் பையன்கள் மட்டும் முகம் சுளித்தார்கள். “பட்டன் லேட்டாகுதுண்ணே.” அண்ணன் கன்ட்ரோலரை மாற்றிக் கொடுத்தார். “இல்லண்ணே, இன்னமும் லேட்டுதான்.” ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு குண்டு டிவி டெக்கனுக்காக மட்டும் திரும்பி வந்தது. எட்டாம் வகுப்புப் பையனுக்கு ஃபிரேம் என்றால் என்ன, எல்சிடி திரை படத்தைப் பதப்படுத்த எடுத்துக்கொள்ளும் நேரம் என்ன என்றெல்லாம் தெரியாது. ஆனால் தன் கை ஏமாற்றப்படுவது தெரிந்தது. அந்தப் பையன்களிடம் இருந்த விமர்சன உணர்வில் பாதிகூட இன்றைய விமர்சனங்களில் இல்லை.

உண்மையில் மெதுவான கேம் நமக்குப் புதிதல்ல. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி தூர்தர்ஷன் வண்ணத்துக்கு வந்தபோது நாம் எடுத்துக்கொண்டது பால் முறை, நொடிக்கு 50 துடிப்பு. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 60க்கு எழுதப்பட்ட கேம்கள் பால் நாடுகளுக்கு வந்தபோது, பலவற்றை யாரும் திருத்தி எழுதவில்லை. ‘சோனிக்’ ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடியது, பாட்டும் இழுத்தது, திரையின் மேலும் கீழும் கறுப்புப் பட்டை. மெகா டிரைவை 1995ல் இந்தியாவில் ஷா வாலஸ் மூலம் 18,000 ரூபாய்க்கு விற்றார்கள். அந்தக் காசுக்கு நமக்கு வாய்த்தது உலகத்திலேயே வேகமான முள்ளம்பன்றியின் நொண்டிப் பதிப்பு.

சரி, ஸ்டுடியோக்களுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். 2009ல் இன்சாம்னியாக் நிறுவனத்தின் எஞ்சினியர் மைக் ஆக்டன் வெளிப்படையாகவே எழுதினார். விமர்சன மதிப்பெண்களையும் விற்பனையையும் அலசிப் பார்த்ததில், கிராஃபிக்ஸ் மதிப்பெண்ணுக்கும் விமர்சனத்தின் மொத்த மதிப்பெண்ணுக்கும் தொடர்பு இருக்கிறது, 60 ஃபிரேமுக்கும் விற்பனைக்கும் அப்படி ஒன்றும் தெரியவில்லை, எனவே இனி 60ஐக் கட்டாயமாக வைத்துக்கொள்ளப் போவதில்லை என்று. நேர்மையான அறிக்கை. அந்த நேர்மைக்காக அவரை மதிக்கிறேன்.

ஆனால் 2024 செப்டம்பரில் பிளேஸ்டேஷன் 5 புரோவை அறிமுகப்படுத்திய மார்க் செர்னி என்ன சொன்னார்? இரண்டு மோடுகளையும் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் சுமார் முக்கால்வாசி நேரம் விளையாடுபவர்கள் பெர்ஃபார்மன்ஸைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று. இரண்டும் ஒன்றோடொன்று மோதுகிற மாதிரித் தெரிகிறதல்லவா? மோதவில்லை. 2009ல் அளந்தது வாங்கும் நேரத்தை, 2024ல் அளந்தது விளையாடும் நேரத்தை. வாங்கும்போது முடிவெடுப்பது கண், விளையாடும்போது முடிவெடுப்பது கை. டிரெய்லரையும் ஸ்கிரீன்ஷாட்டையும் கண்ணுக்குக் காட்டலாம். தாமதத்தை ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாது. சந்தையின் இந்த ஓட்டையில்தான் பதினைந்து வருடமாக மொத்தத் தொழிலும் குடியிருக்கிறது.

‘முடியாது’ என்று சொல்லப்படுவதையும் அப்படியே நம்பத் தேவையில்லை. ஸ்டார்ஃபீல்ட் 2023ல் வந்தபோது எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸில் 30தான், காட்சித் தரத்துக்காக அப்படி வைத்திருக்கிறோம் என்றார் டாட் ஹோவர்ட். 2024 மே மாத அப்டேட்டில் 60க்கான தேர்வு வந்துவிட்டது. கன்சோல் அதே கன்சோல்தான். சில கேம்களில் தடை உண்மையிலேயே வரைவதில் இல்லை, ஆயிரம் பாத்திரங்களின் நடமாட்டத்தைக் கணக்கிடும் சிபியுவில் இருக்கிறது, அங்கே நிழலைக் குறைத்து ஒன்றும் ஆகாது என்பது எனக்கும் தெரியும். தொழில் அதுதானே. ஆனால் எத்தனை பாத்திரங்களை நடமாடவிடலாம் என்பதும் முதல் நாளே எடுக்க வேண்டிய முடிவு. 16.7 மில்லிநொடிதான் நிலம் என்று வரப்புப் போட்டுவிட்டு வீடு கட்டுபவர்கள் இருக்கிறார்கள். கால் ஆஃப் டியூட்டி வரிசை அந்த விஷயத்தில் பல வருடங்களாகப் பிடிவாதமாக இருக்கிறது. அதன் அரசியலை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், அந்த ஒழுக்கத்தைத் திட்டாதீர்கள்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். முதல் வாதம்: சினிமா 24 ஃபிரேம்தானே? 2014ல் ‘அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி’ செய்தவர்கள் 30 ஃபிரேம்தான் சினிமாத்தனமாக இருக்கிறது என்றார்கள். ‘தி ஆர்டர்: 1886’ செய்தவர்களும் அதே பாட்டு. சினிமாவில் கேமராவின் ஷட்டர் ஒவ்வொரு ஃபிரேமிலும் அசைவை மங்கலாகப் பதிகிறது, அந்த மங்கல் ஃபிரேம்களை ஒட்டவைக்கிறது. அதைவிட முக்கியமாக, சினிமா பார்ப்பவர் கையில் பட்டன் இல்லை. படத்தின் நாயகன் நீங்கள் சொல்லித் திரும்புவதில்லை. 2012ல் ‘தி ஹாபிட்’ 48ல் வந்தபோது பலருக்குப் பிடிக்கவில்லை, அதில் நியாயம் உண்டு. கனவைப் பார்ப்பவருக்கு ஒரு திரைச்சீலை வேண்டும். கனவுக்குள் நடப்பவருக்குக் கால் வேண்டும்.

இரண்டாவது வாதம் கனமானது. பிளேஸ்டேஷன் 2ல் 2005ல் வந்த ‘ஷேடோ ஆஃப் தி கொலாசஸ்’ 30ஐக்கூடத் தொட முடியாமல் மூச்சுவாங்கிய கேம். ‘ஆக்கரினா ஆஃப் டைம்’ 20ல் ஓடியது. இரண்டும் காவியங்கள். ஃபிரேம் ரேட் முக்கியமென்றால் இவை எப்படி நிற்கின்றன? ஃபிரேம் ரேட்டையும் மீறி நிற்கின்றன என்பதே என் பதில். ஓலைச்சுவடியில் செல்லரித்த பாடலும் நம்மை அழவைக்கும். அதற்காக யாரும் செல்லுக்கு நன்றி சொல்வதில்லை. 2018ல் வந்த கொலாசஸின் மறு ஆக்கம் பிளேஸ்டேஷன் 4 புரோவில் 60லும் ஓடியது. அந்த ராட்சதர்களைக் கொல்லும் துயரம் இரண்டு மடங்கு ஃபிரேமில் ஒரு துளிகூடக் குறையவில்லை. நடந்து நடந்து ஊர் பார்க்கும் கேமுக்கு, படித்துப் படித்துத் தேர்வு செய்யும் கேமுக்கு 30 போதும் என்பவரோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்த 30 ஆடக் கூடாது.

இதற்கெல்லாம் யார் காசு கொடுக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரி 2 அன்று 49,990 ரூபாய்க்கு வந்தது. அது இரண்டையும் சேர்த்துத் தரும் என்றார்கள். மூன்றரை வருடம் கழித்து, இரண்டும் சேர்ந்து வேண்டுமா, இதோ புரோ, 699 டாலர், டிஸ்க் டிரைவ் தனி என்றார்கள். அந்த புரோ 2024 நவம்பரில் உலகச் சந்தைக்கு வந்தபோது இந்தியாவுக்கு வரவே இல்லை. அதன் வைஃபைக்குத் தேவையான 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அப்போது இங்கே அனுமதி இருக்கவில்லை என்பது காரணம். 2021ல் ‘ராட்செட் அண்ட் கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட்’ 40 ஃபிரேம் மோட் ஒன்றைக் கொண்டுவந்தது. 25 மில்லிநொடி, 30க்கும் 60க்கும் நேர நடு. அருமையான யோசனை. அதைச் செய்ததும் அதே இன்சாம்னியாக்தான். ஆனால் அதற்கு 120 ஹெர்ட்ஸ் டிவி வேண்டும். படம் தயாரானதும் கதவைத் திறக்கும் விஆர்ஆர் வசதி 2022 ஏப்ரலில் வந்தது. அதற்கும் விலை கூடிய டிவிதான் வேண்டும்.

பாபநாசத்திலோ மன்னார்குடியிலோ அறுவடைக் காசில் தவணை போட்டு வாங்கிய 43 இஞ்ச் டிவிக்கு முன்னால், செகண்ட் ஹேண்ட் கன்சோலோடு உட்கார்ந்திருக்கும் பையனுக்கு மிஞ்சுவது என்ன? பளபளப்பான 30, அல்லது தத்தளிக்கும் 60. தீர்வுகள் எல்லாம் தலைமடையில் நின்றுவிடுகின்றன. சாதாரணக் கன்சோலில், சாதாரண டிவியில் நிலையாக ஓடும்படி கேமை எழுதுவது ஒன்றுதான் கடைமடை வரை போய்ச் சேரும் தீர்வு. அதற்குத் தனியாகக் காசு கேட்க முடியாது. ஒருவேளை அதனால்தான் அது நடப்பதில்லை.

இதில் நமக்கு இன்னொரு பங்கும் இருக்கிறது. இந்திய கேம் தொழிலின் ஒரு பெரும்பகுதி வெளிநாட்டு ஸ்டுடியோக்களுக்குக் காரும் மரமும் கட்டடமும் வரைந்து கொடுத்துத்தான் வளர்ந்தது. பெங்களூரின் துருவா இன்டராக்டிவ் 1997ல் தொடங்கி, அந்தப் பாதையில் நடந்து, 2019ல் ராக்ஸ்டார் கைக்குப் போனது. உலகம் ‘செம’ சொல்லும் பளபளப்பில் நம் ஊர்ப் பிள்ளைகளின் இரவுகள் இருக்கின்றன. அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரு கேமின் நாடித்துடிப்பை, எந்த மில்லிநொடியில் எது நடக்க வேண்டும் என்பதை, முடிவு செய்யும் மேசையில் நாம் குறைவு. நம் விமர்சனமும் சருமத்தைப் பற்றி மட்டுமே பேசினால், அடுத்த தலைமுறைப் பையனும் சருமம் வரையத்தான் போவான்.

வேறு வழி இருப்பதற்குச் சாட்சி உண்டு. டொரன்டோவில் தமிழர் கைவண்ணத்தில் உருவாகி 2023ல் வந்த ‘வெண்பா’வில் ரே டிரேசிங் இல்லை, மயிர் மயிரான தாடி இல்லை. கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தாய், கிழிந்த சமையல் குறிப்பேடு, இட்லித் தட்டு. எதை முதலில் அடுக்குவது, எதை எப்போது போடுவது என்று கையால் கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் கேம் 2024ல் முதல் படைப்புக்கான பாஃப்டா விருதை வாங்கியது. தமிழ்ச் சமையலறையை அது நம்மைப் பார்க்கச் சொல்லவில்லை, செய்யச் சொன்னது.

இலக்கியம் படிப்பவர்களுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். கேமை ஒரு கலையாக ஏற்கத் தயங்கும் நம் இலக்கியவாதிகள், ஏற்கும்போது மட்டும் அதை ஒரு மட்டமான சினிமாவாக ஏற்கிறார்கள். கதை உண்டா, காட்சி உண்டா என்று தேடுகிறார்கள். ஒரு கலையை அதன் சொந்த அலகால்தான் அளக்க வேண்டும். செய்யுளை அலகிட அசை, சீர், தளை என்று நம்மிடம் எவ்வளவு நுட்பமான கருவிகள். அதற்கெல்லாம் அடியில் இருப்பது மாத்திரை என்னும் கால அளவு. தொல்காப்பியம் அதை இரண்டு விதமாக விளக்குகிறது. கண் இமைக்கும் நேரம் ஒன்று, கைவிரலை நொடிக்கும் நேரம் மற்றொன்று. கண்ணுக்கு ஒரு அளவு, கைக்கு ஒரு அளவு என்று அது பிரிக்கவில்லை. இரண்டும் ஒரே மாத்திரை. கண்ணிமைப்பைக் கால் நொடி என்று வைத்துக்கொண்டால் 60ல் அதற்குள் பதினைந்து படங்கள், 30ல் ஏழோ எட்டோ. கேம் என்ற கலையின் யாப்பு அங்கேதான் இருக்கிறது. கண் பார்ப்பதும் கை செய்வதும் ஒரே மாத்திரைக்குள் விழுந்தால் அது கேம். கை நொடித்து முடித்த பிறகு கண்ணுக்குத் தெரிந்தால் தளை தட்டிய செய்யுள், எவ்வளவு அணி பூட்டியிருந்தாலும்.

ஆகவே என் கோரிக்கைகள் சுருக்கமானவை. ஸ்டுடியோக்களுக்கு: முதல் நாளே மில்லிநொடி வரப்பைப் போடுங்கள், மெனுவில் ‘தரம்’ என்ற பெயரைப் பளபளப்புக்குக் கொடுக்காதீர்கள். விமர்சகர்களுக்கு: சராசரியைச் சொல்லாதீர்கள், எங்கே திணறியது, எத்தனை நேரம் திணறியது என்று சொல்லுங்கள். சாதாரண டிவியில் ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள். வாசிப்பவர்களுக்கு ஒன்றே ஒன்று. அடுத்த முறை ஒரு கேமைப் பற்றி நண்பன் கேட்டால், ‘கிராஃபிக்ஸ் எப்படி இருக்கு?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன்னால், ‘சொன்னா கேக்குது’ என்றோ ‘சொன்னா கேக்க மாட்டேங்குது’ என்றோ தொடங்குங்கள். மாட்டைப் பற்றியும் மதகைப் பற்றியும் நம் ஊரில் முதலில் சொல்வது அதைத்தான்.